புரட்டாதிச் சனியில் ஏரிக்குப் போனவள்

என் ராசாவுக்கு,

நீ கேட்ட கேள்விக்கு அம்மா இன்னும் பதில் சொல்லவில்லை என்று உனக்குக் கோபம் இருக்கும். இருக்கட்டும். தொலைபேசியில் சொன்னால் நீ ஓமா இல்லையா என்பதை மட்டும் கேட்டுக்கொண்டு, "தக்கோர், தக்கோர்" என்று பிரெஞ்சில் சரி சொல்லி வைத்துவிடுவாய். எனக்குச் சொல்ல இருப்பது அவ்வளவு சின்ன விஷயம் இல்லை. அதனால்தான் எழுதுகிறேன். தமிழ்ப் பள்ளிக்கு உன்னை எத்தனை மழையில் இழுத்துக்கொண்டு போயிருப்பேன், அந்தக் கஷ்டத்துக்கு இன்றைக்காவது ஒரு பலன் கிடைக்கட்டும். நீ எழுத்துக் கூட்டித்தான் வாசிப்பாய் என்று எனக்குத் தெரியும். மெதுவாகவே வாசி. கிளேர் பக்கத்தில் இருந்தால் அவளுக்கும் சொல்லு. அவளிடம் ஒளிக்க இதில் ஒன்றும் இல்லை, அவள் தகப்பன் ஒளித்த ஒன்றைத் தவிர. அதையும் இன்றைக்கு நான் வெளியே விடப்போகிறேன்.

கேள்வி இதுதான்: கிளேரை நீ கலியாணம் செய்ய எனக்குச் சம்மதமா? உன் அப்பாவிடம் கேட்டபோது அவர் சோற்றைக் குழைத்துக்கொண்டே "ஓம், அதுக்கென்ன" என்றார். அவருக்கு உலகத்தில் எல்லாவற்றுக்கும் ஓம்தான். உணவக முதலாளி ஞாயிற்றுக்கிழமையும் குசினிக்கு வரச் சொன்னால் ஓம், பக்கத்து வீட்டுக்காரன் சலவை இயந்திரத்தை மாடிக்குத் தூக்கித் தரச் சொன்னாலும் ஓம். என்னிடம் வந்தபோதுதான் நீ ஒரு வார்த்தை கூடப் போட்டாய். "அம்மா, நீங்கள் ஓம் எண்டு சொன்னால்தான் கலியாண எழுத்து. இல்லாட்டி இல்லை." பெரிய மரியாதை என்று நினைத்துச் சொன்னாய். பாரத்தைத் தூக்கி என் தலையில் வைத்துவிட்டாய் என்றுதான் எனக்குப் பட்டது. நான் உடனே ஒரு சாக்கைப் பிடித்துக்கொண்டேன். கலியாணம் எழுதுகிறதுக்கு உங்கள் ஊர் நகரசபையில் சனிக்கிழமைதான் நேரம் தருகிறார்கள் என்று நீ சொன்னாயே, அந்தச் சாக்கை. "சனிக்கிழமையோ? ஆரும் சனிக்கிழமையில நல்ல காரியம் செய்வினமோ?" என்று குதித்தேன். "அம்மா, இஞ்சை எல்லாரும் சனிக்கிழமைதான் செய்யினம்" என்று நீ சொன்னது என் காதில் ஏறவே இல்லை.

இப்போது உண்மையைச் சொல்கிறேன். கிளேரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. வந்த முதல் நாளே சப்பாத்தை வாசலில் கழற்றினாள், கோப்பையைத் தானே கழுவினாள், பள்ளிக் கன்ரீனில் வேலைசெய்து நான் பொறுக்கிய பிரெஞ்சைக் கேட்டுச் சிரிக்கவும் இல்லை. ரூ லூயி-பிளாங்க் தமிழ்க் கடைத்தெருவில் கத்தரிக்காய் தெரிந்தெடுக்கும்போது, "மகன் வெள்ளைக்காரியைப் பார்த்திட்டானாம், மெய்யோ?" என்று கேட்கிற பெண்களைப் பற்றியும் எனக்குக் கவலை இல்லை. அவர்களுக்கு நான் கொடுக்கிற பதிலில் அவர்கள் கறிவேப்பிலை வாங்க மறந்து போவார்கள். என் பயம் வேறு. உனக்கு ஒரு கூடாத காலம் வந்தால் அந்த வீட்டில் உனக்காக யார் பட்டினி இருப்பார்கள்? இதுதான் என் பயம். இதைப் பிரெஞ்சில் எப்படிக் கேட்பது என்று எனக்குத் தெரியவில்லை. தமிழிலும் யாரிடமும் கேட்கவில்லை.

உன் சாதகத்தில் சனி நின்ற இடத்தைப் பார்த்த நாளிலிருந்து புரட்டாதிச் சனிக்கிழமைகளில் நான் விரதம். உனக்குத் தெரிந்ததுதான், கிளேருக்காக எழுதுகிறேன். விடியத் தோய்ந்து, எள்ளுப் பொட்டலத்தை நல்லெண்ணெயில் நனைத்து எரித்து, மரக்கறி சமைத்து, முதல் பிடி சோற்றைக் காகத்துக்கு வைக்கவேண்டும். காகம் சனீஸ்வரனுடைய வாகனம். அது வந்து வாய் வைத்த பிறகுதான் நாங்கள் சாப்பிடலாம். ஊரில் இது பெரிய வேலையே இல்லை, சோற்றை வைக்க முதலே காகம் வந்து நிற்கும். நாங்கள் இருக்கிற லா சப்பலில் அப்படியா? யன்னல் விளிம்பில் வைத்தால் புறா வந்து குவியும். காகங்கள் தூரத்தில் கார் து நோர் ரயில் நிலையத்துத் தண்டவாளக் கம்பிகளில் இருந்துகொண்டு, எனக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை என்பதுபோல் பார்க்கும். கீழ்வீட்டு மதாம் சோற்றுப்பருக்கை தன் பூச்சட்டியில் விழுகிறது என்று கதவைத் தட்டுவாள். நான் அவளிடம் "பார்தோன், பார்தோன்" என்றுவிட்டு அடுத்த கிழமையும் வைப்பேன்.

இரண்டாயிரத்து ஒன்பதாம் ஆண்டுப் புரட்டாதி உனக்கு நினைவிருக்கிறதா? நீ அப்போது சின்னப் பள்ளியில் படித்தாய். வன்னியில் என் தம்பி இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் நான் நடந்து திரிந்த காலம். அந்தச் சனிக்கிழமை காகம் வரவே இல்லை. மத்தியானம் போய்ப் பின்னேரமும் ஆகிவிட்டது. காகம் வராததை என் தம்பியோடு சேர்த்து முடிச்சுப் போட்டுக்கொண்டு நான் யன்னலடியில் இருந்தேன். எனக்குப் பசி தெரியவில்லை, பயம்தான் தெரிந்தது. நீ தமிழ்ப் பள்ளியால் வந்தாய், புறாக்களைத் துவாயால் விரட்டினாய், "கா, கா" என்று தண்டவாளப் பக்கம் பார்த்துக் கத்தினாய். பிறகு உள்ளே போனாய். திரும்பி வரும்போது உன் கறுப்புக் குளிர்ச்சட்டையைப் போட்டுத் தலைமூடியையும் இழுத்துவிட்டிருந்தாய். "அம்மா, நான்தான் காகம்" என்று சொல்லி, கையைப் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து, விளிம்பில் இருந்த சோற்றை வாயாலேயே கொத்திச் சாப்பிட்டாய். மூக்கெல்லாம் பருப்பு. நான் எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தேன். பிறகு இரண்டு பேரும் ஒரே கோப்பையில் சாப்பிட்டோம். தம்பி உயிரோடு இருக்கிறான் என்ற செய்தி பிறகுதான் வந்தது. ஆனால் அந்தச் சனிக்கிழமை என்னைச் சாப்பிட வைத்தது நீதான். எனக்காகப் பசியோடு நின்ற பிள்ளையை, பசி என்றால் என்னவென்று கேட்கிற ஒரு வீட்டுக்கு எப்படி விடுவது என்றுதான், ராசா, என் மனம் கிடந்து அடித்துக்கொண்டது.

அப்படி இருக்கும்போதுதான் கிளேரின் தகப்பன் ஜெரார் என்னை உங்கள் ஊர் ஏரிக்கு அழைத்தார். புரட்டாதிக் கடைசிச் சனி. மீன்பிடி அந்தக் கிழமையோடு மூடுகிறார்கள், ஞாயிறு எனக்குத் திரும்பி வர ரயில், அதனால் அந்தச் சனிதான் மிஞ்சியது. "ஜெராருக்கு அது பெரிய விஷயம் அம்மா, தன்ரை படகில எல்லாரையும் ஏத்தமாட்டார்" என்று நீ கெஞ்சினாய். விரத நாளில் மீன்பிடிக்கப் போகிறவள் உலகத்தில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன் என்று உன் அப்பாவிடம் முறையிட்டேன். அவர் என்ன சொன்னார் தெரியுமா? "நீ தின்னாட்டி என்ன, பெரிசாப் பட்டால் தலையோட கொண்டு வா." துருயித் என்கிற அந்த மீனை அவர் உணவகத்தில் வாதுமைப் பருப்புப் போட்டுப் பொரிப்பவர். எல்லாம் வளர்ப்புப் பண்ணையிலிருந்து ஒரே அளவில் பெட்டியில் வருகிறவை. ஏரித் துருயித்தின் தலையில் குழம்பு வைத்தால் எப்படி இருக்கும் என்று அவருக்கு ஆசை. நான் ஏறி இருப்பது மட்டும்தான், தூண்டிலைத் தொடமாட்டேன் என்று எனக்கு நானே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு வந்தேன்.

வந்த இடத்தில் விடியற்காலையிலேயே மானம் போனது. கோயிலுக்குப் போக வழியில்லை என்று உங்கள் குசினித் தொட்டியில் ஒரு சின்னச் சட்டியை வைத்து எள்ளெண்ணெய் எரித்தேன். கூரையில் இருந்த புகை மணி வீடு முழுக்க அலறத் தொடங்கியது. நீ ஏற்கெனவே மருத்துவமனை வேலைக்குப் போய்விட்டாய். கிளேர் தூக்கம் கலையாத முகத்தோடு ஓடி வந்தாள், கதிரையில் ஏறித் துவாயை விசுக்கினாள், மணி நின்றது. அவள் சட்டியைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். நான் அணைக்கப் போனேன். "இல்லை இல்லை, எரிந்து முடியட்டும்" என்று சொல்லி யன்னலைத் திறந்துவிட்டு, மணிக்குக் கீழே துவாயைப் பிடித்தபடி கதிரையிலேயே நின்றாள். அது அணையும்வரை நின்றாள். அப்போதே என் மனம் கொஞ்சம் இளகியது. ஆனால் நான் முகத்தில் காட்டவில்லை. மாமியார் ஆகப்போகிறவள் உடனே காட்டக்கூடாது.

பிறகு அவள் தன்னுடைய தண்ணீர் புகாத காற்சட்டையை எனக்கு மாட்டிவிட்டு, படகுத்துறையில் கொண்டுபோய் இறக்கினாள். ஜெரார் நின்றார். தபால்காரராக இருந்து ஓய்வெடுத்தவர், மனைவியை இழந்தவர் என்று நீ சொல்லியிருந்தாய். நல்ல உயரம், கதை குறைவு. "பொன்ழூர் மதாம்" என்று தொப்பியைத் தொட்டார், செம்மஞ்சள் மிதவைச் சட்டையை என் கழுத்தில் மாட்டினார், அவ்வளவுதான். படகில் இரண்டு பேருக்குத்தான் இடம். என் மடியில் சாப்பாட்டுப் பெட்டி. அவர் காலடியில் அவருடைய பையில் பாண், பாற்கட்டி, ஆப்பிள். இந்த மனிசனோடு நாள் முழுக்க எதைக் கதைப்பது என்று நினைத்துக்கொண்டுதான் ஏறினேன்.

ராசா, அதற்குப் பிறகு நான் கண்டதை எப்படிச் சொல்வேன்! முதலில் ஒன்றுமே இல்லை. பனிப்புகார் மட்டும்தான். தண்ணீர் எது, வானம் எது என்று தெரியவில்லை. மோட்டார் முணுமுணுத்துக்கொண்டு, ஆள் நடக்கிற வேகத்தில் படகு போனது. பிறகு வெயில் மேலே எங்கேயோ பட்டது. புகாருக்கு மேலே, இவ்வளவு உயரத்தில் எதுவும் இருக்கமுடியாது என்று நான் நினைத்த இடத்தில், மலை இருந்தது. உச்சியில் புதுப் பனி. அதற்குக் கீழே காடு முழுக்க மஞ்சளும் சிவப்பும். அது அப்படியே தலைகீழாகத் தண்ணீருக்குள்ளும் இருந்தது. நான் தண்ணீரைப் பார்த்தேன், அது பச்சையாகத் தொடங்கி நீலமாகி, பிறகு பார்வை போய் முடிய இடமே இல்லாமல் கறுத்தது. அவர் முன்னால் இருந்த சின்னத் திரையைக் காட்டினார். எங்களுக்குக் கீழே எவ்வளவு ஆழம் என்று அது சொன்னதாம். லா சப்பலில் எங்கள் கட்டடத்தை ஒன்றின்மேல் ஒன்றாக மூன்று தரம் வைத்தாலும் மேலே தண்ணீர் மிஞ்சும் என்று நான் கணக்குப் போட்டேன். எனக்கும் அந்த ஆழத்துக்கும் நடுவில் ஒரு பலகை. பயந்திருக்கவேண்டும். பயம் வரவில்லை. மெத்ரோ யன்னலை ஆட்டுகிற வீட்டில் இத்தனை வருஷம் இருந்த என் காதுக்குள், ஏதோ ஒன்று கழன்று விழுந்து எல்லாம் திறந்ததுபோல் இருந்தது. கோயிலில் திரை விலகும்போது கைகூப்புவோமே, அதுபோல் கை தானாகக் கூம்பியது. அவர் அதைக் கண்டார். மோட்டாரை இன்னும் மெதுவாக்கினார்.

அவர்கள் மீன்பிடிக்கிற விதமும் எனக்குப் புதிது. எறிந்துவிட்டுக் காத்திருப்பது என்றுதான் நினைத்திருந்தேன். இது போய்க்கொண்டே காத்திருப்பது. படகின் இரண்டு பக்கமும் ஒவ்வொரு தடி. நூல் பின்னால் வெகு தூரத்துக்கு, ஆழத்துக்குப் போகிறது. நுனியில் கரண்டி போல ஒரு மினுங்கல் தகடு, அது சின்ன மீன் நீந்துவதுபோல் நெளிந்துகொண்டு வரும். தடியின் நுனி ஓயாமல் நடுங்கும். அந்த நடுக்கம் இருந்தால் அங்கே கீழே எல்லாம் சரி. படகை நிறுத்தவும் கூடாது, விரைவாக விடவும் கூடாது, திடீரென்று திருப்பினால் நூல்கள் பின்னிக்கொள்ளும். இதையெல்லாம் அவர் கையாலேயே காட்டினார். கலியாணத்துக்கும் இதுதான் என்று எழுத எனக்குக் கை துருதுருக்கிறது. எழுதவில்லை. உனக்கே விளங்கும்.

எவ்வளவு நேரம் அப்படிப் போனோம் என்று தெரியாது. புகார் கலைந்துவிட்டது. அப்போது என் பக்கத்துத் தடி தலையைக் குனிந்தது. ஒருதரம், பிறகு ஒரேயடியாக. உருளை கிறீச்சென்று கத்தத் தொடங்கியது. மற்ற நூலை உடனே சுற்றி எடுக்காவிட்டால் இரண்டும் சிக்கிவிடும், மோட்டாரையும் விடமுடியாது. அவருக்கு இரண்டு கைகள்தானே. "மதாம்!" என்று தடியைத் தூக்கி என் கையில் திணித்துவிட்டார். என் சட்டம், என் விரதம் எல்லாம் எங்கே போனதோ! நான் பிடித்தேன். ராசா, அந்த நூலின் மறுமுனையில் ஒரு உயிர் இருந்தது. அது இழுத்தபோது என் தோள்வரை வந்தது. நான் கண்டிராத, வெளிச்சமே போகாத ஒரு இடத்திலிருந்து அது என்னோடு பேசியதுபோல் இருந்தது. எனக்கு வாயில் வந்தது கன்ரீனில் பிள்ளைகளுக்குச் சொல்கிற பிரெஞ்சுதான். "துசுமோ, துசுமோ" என்றேன், மெதுவாக, மெதுவாக என்று. ஜெரார் முதல் தடவையாகச் சிரித்தார். "அவளுக்கா சொல்கிறீர்கள், எனக்கா?" என்று நூலைக் காட்டிக் கேட்டார். தெரியவில்லை, எல்லாருக்கும் சேர்த்துத்தான் சொன்னேன்.

அது கடைசியில் மேலே வந்தது. முதலில் தண்ணீருக்குள் ஒரு மஞ்சள் வெளிச்சம், பிறகு அது திரும்பியபோது ஒரு பக்கம் முழுக்க வெள்ளி. என் கையை நீட்டினால் என்ன நீளமோ, அதைவிட நீளம். உடம்பெல்லாம் கறுப்புப் புள்ளி, யாரோ பொறுமையாக இருந்து மையால் குத்திவிட்டதுபோல். உன் அப்பாவின் பெட்டி மீன்களை எத்தனை தரம் பார்த்திருக்கிறேன்! இதுவும் அதுவும் ஒரே பெயர் என்று எனக்கு நம்பமுடியவில்லை. ஜெரார் வலையை அதன் கீழே கொடுத்துத் தண்ணீரிலேயே வைத்துப் பிடித்தார். கண்ணை அதிலிருந்து எடுக்கவே இல்லை. அதன் வயிற்றைக் காட்டி, "நிறைந்திருக்கிறாள்" என்று பிரெஞ்சில் சொன்னார். முட்டை. குளிர் தொடங்க ஆற்றுக்கு ஏறிப் போய் இடுமாம். பிள்ளைத்தாச்சி. அது தன் வட்டக் கண்ணால் என்னைப் பார்த்தது. அந்தக் கண்ணில் ஏரி முழுக்க இருந்தது. நான் அழுதேன். ஏன் என்று கேட்காதே, சந்தோஷம் என்றும் சொல்லமுடியாது. இவ்வளவு பெரிய ஒன்று, இவ்வளவு காலமும் நான் இல்லாமலே இருந்திருக்கிறது என்ற எண்ணம்தான் வந்தது.

அவர் என்னைப் பார்த்தார். கொண்டு போவதா என்று அந்தப் பார்வை கேட்டது. உன் அப்பாவின் குழம்பு நினைவுக்கு வந்தது. "இல்லை" என்றேன். "இன்றைக்கு வேண்டாம். சனிக்கிழமை. என் மகனுக்காக." இவ்வளவுதான் எனக்குப் பிரெஞ்சில் வந்தது. விரதம், சாதகம், சனி எதையும் அவருக்குச் சொல்ல எனக்கு வார்த்தை இல்லை. அவர் ஒரு கணம் மீனைப் பார்த்தார். பிறகு "தக்கோர்" என்றார். தூண்டில் முள்ளைக் கழற்றினார், ஈரக் கையால் அதன் வயிற்றைத் தாங்கி, அது மூச்செடுக்கும்வரை தண்ணீரில் பிடித்தார். அது வாலை ஒருதரம் அடித்தது. மஞ்சளாகத் தெரிந்தது, பச்சையாகத் தெரிந்தது, பிறகு அந்தக் கறுப்புக்குள் போய்விட்டது. அவர் தொப்பியைக் கழற்றி மடியில் வைத்தார்.

மத்தியானம் தாண்டியது. எனக்குக் கை கால் சோர்ந்துவிட்டது. அவர் பையைத் திறந்து பாணை எடுத்து என்னிடம் நீட்டினார். நான் வேண்டாம் என்று தலையாட்டினேன். என் பெட்டியைக் காட்டி, முதலில் கறுப்புப் பறவை, பிறகு நான் என்று கையாலும் வாயாலும் சொன்னேன். "காகமா?" என்றார். ஓம் என்றேன். இந்தப் பெண்பிள்ளைக்குப் பைத்தியமா என்று நினைக்கப்போகிறார் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் பாணைத் திரும்பப் பைக்குள் வைத்து மூடினார். கண்ணைச் சுருக்கிக் கரையெல்லாம் பார்த்தார். பிறகு தூண்டில்களைச் சுற்றி எடுத்தார். மீன்பிடியின் கடைசிச் சனிக்கிழமை, நல்ல நேரம், அந்த மனிசன் தூண்டிலைச் சுற்றி வைத்துவிட்டுக் காகம் தேடப் படகைத் திருப்பினார்.

ஆறு ஏரியில் விழுகிற இடத்தில் ஒரு கூழாங்கல் திட்டு. அங்கே காகம் இருக்கும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது. இறங்கி, ஒரு தட்டைக் கல்லில் எள்ளுச் சோறு வைத்தேன். வந்தது எது? வெள்ளைக் கடற்காகம், கூட்டமாக. நான் "சூ, சூ" என்றேன். ஜெரார் அந்த நீளக் கால்களால் கல்லில் தடக்கித் தடக்கி ஓடித் தொப்பியை விசுக்கி விரட்டினார். எனக்கு உன் துவாய் நினைவு வந்தது. அவற்றை விரட்டினால் மரத்தில் இருந்த காகங்களும் பறந்துவிட்டன. திரும்பவும் காத்திருந்தோம். அவர் முகம் பசியில் வாடியிருந்தது, எனக்கே தெரிந்தது. "நீங்கள் சாப்பிடுங்கள் முசியே" என்றேன். அவர் கல்லைக் காட்டினார், என்னைக் காட்டினார், தன்னைக் காட்டினார். "முதலில் அது. பிறகு நீங்கள். பிறகு நான்" என்றார். சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு கல்லில் இருந்துவிட்டார். யாருக்காக, எதற்காக என்று ஒரு கேள்வி கேட்கவில்லை, ராசா. உன் பெயரைக்கூட அவர் சரியாகச் சொல்வதில்லை.

வெயில் மலைக்குப் பின்னால் சாய்கிற நேரம் ஒரு காகம் வந்தது. கிழட்டுக் காகம், ஒரு இறகு கலைந்திருந்தது. நடந்து வந்து, எங்களை ஒருதரம் பார்த்துவிட்டு, சோற்றைக் கொத்தியது. ஜெரார் மூச்சே விடவில்லை. அது பறந்த பிறகுதான் என் பக்கம் திரும்பி, "சா யே?" என்றார், சரியா என்று. நான் சரி என்றேன். பெட்டியைத் திறந்து இரண்டு பேருக்கும் போட்டேன். கத்தரிக்காய்க் கறியின் உறைப்பில் அவர் கண்ணால் தண்ணீர் வடிந்தது, இருந்தும் விரலைச் சூப்பினார். அவருடைய ஆப்பிளைப் பாதி வெட்டித் தந்தார். எனக்கு அதைவிட ருசியான சாப்பாடு நினைவில் இல்லை.

இனித்தான் அந்த ஒளித்த கதை. படகுத்துறைக்கு நீயும் கிளேரும் வந்து நின்றீர்கள். "ஏதும் பட்டதா?" என்று நீ கேட்டாய். நான் வாயைத் திறக்கமுதல் அவர், "ஒன்றுமில்லை, இன்றைக்கு ஒன்றுமே இல்லை" என்று சொல்லிவிட்டுக் கயிற்றைக் கட்டத் தொடங்கினார். என் விரதத்தை நான் யாருக்கும் விளக்கவேண்டி வரக்கூடாது என்றுதான் அப்படிச் சொன்னார் என்று எனக்கு விளங்கியது. காரில் கிளேர் என்னைத் தேற்றினாள். "கவலைப்படாதீர்கள், அப்பாவுக்குப் பழகிவிட்டது. அம்மா செத்ததிலிருந்து ஒரு பெரிய ஏரித் துருயித்துக்காகக் காத்திருக்கிறார். ஒவ்வொரு இலையுதிர் காலமும் இந்த முறை, இந்த முறை என்பார்." நான் பின் இருக்கையில் இருந்து யன்னலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன். அதனால்தான் அன்றைக்கு உனக்கும் பதில் சொல்லவில்லை. நீ நான் முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறேன் என்று நினைத்தாய்.

வீட்டுக்கு வந்ததும் உன் அப்பா, "தலையாவது கொண்டு வந்திருக்கலாமே" என்றார். அவருக்கு மட்டும் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துக் கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு, "அந்த மனிசனை ஒருக்கா இஞ்சை கூட்டிவரச் சொல்லு, நான் சமைக்கிறன்" என்றார். உறைப்பைக் குறைத்துச் சமைக்கச் சொல்லியிருக்கிறேன்.

நீ கேட்ட கேள்விக்கு வருகிறேன். நகரசபையில் சனிக்கிழமைதான் தருகிறார்கள் என்றால் சனிக்கிழமையையே எடு. சாத்திரியாரிடம் நான் கேட்கமாட்டேன், லா சப்பலில் கதைக்கிறவர்கள் கதைத்துவிட்டுப் போகட்டும். சோறு நான் கட்டிக்கொண்டு வருவேன். காகத்தை ஜெரார் பார்த்துக்கொள்வார்.

அம்மா